அன்னையின் சமாதியருகே எழுந்த ஆசிரமம்

துறவிக்குத் தாயில்லை என்ற வாதம் திருவண்ணாமலையில் தோற்றது என்றே சொல்வேன். 1896-இல் வீடு துறந்த ரமணர், 1914-இல் தாய் அழகம்மாள் கடுங்காய்ச்சலில் விழுந்தபோது அருகிருந்து பார்த்துக்கொண்டார். நோய் தீர அருணாசலனை வேண்டிப் பாடவும் செய்தார். எல்லாம் ஈசன் செயல் என்றிருந்தவர் தமக்காக எதையும் கேட்டவரல்லர் என்பதால், அந்த வேண்டுதல் எனக்குப் பெரிய சான்று. 1916 முதல் தாய் அவருடனேயே தங்கினார். 1922 மே 19 அன்று, பிரியும் உயிரின் அருகே, ஒரு கையைத் தாயின் நெஞ்சிலும் மறுகையைத் தலையிலும் வைத்தபடி மகன் மணிக்கணக்கில் அமர்ந்திருந்தார்.

அது முக்தி அளிக்கும் குருவின் செயல், மகனின் பாசமல்ல என்பார்கள் அடியார்கள். இரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருக்கக் கூடாதா? அவ்வாண்டின் இறுதியில், மலைமேல் தாம் தங்கியிருந்த ஸ்கந்தாசிரமத்தை விட்டு இறங்கி, தாயின் சமாதியருகிலேயே தங்கிவிட்டார். தம் விருப்பத்தால் வரவில்லை என்று அவரே சொன்னதுண்டு. எது அழைத்திருந்தாலும், அழைத்த இடம் தாய் துயிலும் இடம். இன்றைய ரமணாசிரமம் அங்கேதான் வளர்ந்தது. சமாதிமேல் எழுந்த மாத்ருபூதேஸ்வரர் கோயிலுக்கு 1949 மார்ச்சில் குடமுழுக்கு நடந்தது.