செஞ்சியின் பெயர்களும் ஏட்டில் ஏறாத அணிகளும்

செஞ்சிக் கோட்டைக்கு ஆள வந்தோர் இட்ட பெயர்கள் பல. 1649-இல் பீஜப்பூர் சுல்தானியர் கைப்பற்றியபோது அது பாதுஷாபாத் ஆயிற்று. நெடுநாள் முற்றுகைக்குப் பின் 1698-இல் மொகலாயத் தளபதி ஸுல்பிகார் கான் பிடித்ததும், அவருடைய 'நுஸ்ரத் ஜங்' என்னும் பட்டத்தையொட்டி நுஸ்ரத்கட் ஆயிற்று. 2025-இல் யுனெஸ்கோ மராட்டியக் கோட்டைகளின் தொகுப்பில் அதனைச் சேர்த்தது. ஏடுகள் மாறின, ஊரார் நாவில் அது செஞ்சிதான்.

பெயரை ஏட்டில் ஏற்றும் அதிகாரம் யாருக்கு என்ற இவ்வழக்கு பந்தாட்டக் களத்திலும் நடைபெறுகிறது என்றால் வாசக அன்பர்கள் வியக்கலாம். 1904-இல் பாரிஸில் நிறுவப்பெற்ற ஃபிஃபா, பொதுவாகச் சுதந்திர நாடுகளின் சங்கங்களையே உறுப்பினராக ஏற்கிறது. ஆயினும் தனி நாடுகளல்லாத ஸ்காட்லாந்தும் வேல்ஸும் பழைய வழக்கப்படி அதில் இருக்கின்றன. பாலஸ்தீனம் 1998-இல் இடம்பெற்றது. அரசியல் உலகம் மறுத்ததைப் பந்தாட்ட உலகம் முந்திக்கொண்டு அளித்தது. ஸன்ஸிபாரோ 2017 மார்ச்சில் ஆப்பிரிக்கச் சம்மேளனத்தில் சேர்க்கப்பட்டு, சில மாதங்களிலேயே நீக்கப்பட்டது. விதி எவ்வளவு நேரானதோ, அதன் நடைமுறை அவ்வளவு நேரானதன்று.

வெளியே நிற்போர் தமக்கென்று ஒரு கூட்டமைப்பை 2013-இல் அமைத்துக்கொண்டனர். அதன் பெயர் கோனிஃபா. அதற்கு முன்னோடியான விவா உலகக் கோப்பை, 2012-இல் குர்திஸ்தானின் எர்பில் நகரில் நடந்தபோது தமிழீழ அணி என்ற பெயரில் புலம்பெயர்ந்த ஈழத் தமிழ் இளைஞர்கள் களமிறங்கினர். போர் முடிந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. 2014-இல் சுவீடனின் ஓஸ்டர்சுண்டிலும் ஆடினர்.

2018-இல் லண்டனில் பதினாறு அணிகள் கூடின. அதற்கு விருந்தோம்பிய அணி பராவா. சோமாலியாவின் தென்கரையிலுள்ள பழந்துறைமுகம் அது. காதிரிய்யா தரீக்காவின் பேரறிஞர் ஷைகு உவைஸ் அல்-பராவி பிறந்த ஊர். அவ்வூரார் தம் சிம்வீனி மொழியின் பக்திப் பாடல்களை அரபு எழுத்தில் எழுதிவந்தவர்கள். அரபுத் தமிழ் ஏடுகளைப் பெட்டியில் வைத்துக் காத்த நம் பாட்டிமார்க்கு இது புதுமையாகத் தோன்றியிராது. உள்நாட்டுப் போரால் சிதறிய அம்மக்கள் சொந்த ஊரில் பந்தயம் நடத்த இயலாமல், அகதிகளாய்க் குடியேறிய லண்டனிலேயே அதனை நடத்தினர். தொடக்க ஆட்டத்தில் பராவா தமிழீழத்தை 4-0 என்று வென்றது. ஊரிழந்த இரு கூட்டத்தார் மூன்றாவதொரு நாட்டுப் புல்வெளியில் எதிரெதிர் நின்ற அந்த மாலையை நினைக்கும்போது வெற்றி தோல்வி பெரிதாகப் படவில்லை.

ஆனால் அந்தச் சட்டையிலிருந்த பெயரை நம்மவர் எல்லாரும் ஒன்றுபோல் கேட்க இயலாது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர், தமிழையே தாய்மொழியாகக் கொண்டவர்கள். யாழ்ப்பாணத்தாருக்கு அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். பெரும்பாலோர் புத்தளம் பக்கம் ஓலைக் கொட்டில்களில் ஒதுங்கினர். போர் முடிந்த பின்னரும் பலர் திரும்பவில்லை. திரும்பியவர்களுக்கோ, பாழடைந்த வீடும் தீராத காணி வழக்கும் காத்திருந்தன.

லண்டனில் ஓடிய இளைஞன் இதற்குப் பொறுப்பாளியல்லன். அவனுடைய தந்தையும் ஊர் விட்டு ஓடிவந்தவரே. ஏட்டில் இடம் தராத ஃபிஃபாவின் மீது அவனுக்குக் குறையிருப்பது நியாயம். அதே நியாயத்தின்படி, அவன் அணிந்த பெயருக்குள் தங்களுக்கு இடமுண்டா என்று புத்தளத்திலிருந்து கேட்பவர்களுக்கும் விடை சொல்லவேண்டியிருக்கிறது. அந்த விடையைச் சொல்ல வேண்டியது ஃபிஃபா அன்று.