குழந்தைத் திருமணமும் பெற்றோர் சம்மதமும்: கடலூர், சிதம்பரம்

குழந்தைத் திருமணம் என்பது பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிறையும் முன் நடத்தப்படும் திருமணம். பெற்றோர் சம்மதித்தாலும், பிள்ளைகளே விரும்பினாலும் அது சட்டப்படி தவறே. கடலூர் மாவட்டத்தில் 2022இல் சிதம்பரம் நடராசர் கோயில் தீட்சிதர் குடும்பங்கள் மீது பதிவான வழக்குகளால் இது மாநிலமெங்கும் பேசுபொருளானது.

மைனர் நிலை

இந்தியாவில் 1875ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 நிறைந்தவரே மேஜர். தாலி ஏறியதால் சிறுமி மேஜராகிவிடுவதில்லை. மணமான மைனர் பெண்ணுக்குக் கணவனே இயற்கைக் காப்பாளர் என்கிறது 1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம். ஆனால் மைனர் பெண்ணை மணந்தவர் அந்த உரிமையைக் கோர முடியாது என 2011இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு தீர்ப்பளித்தது.

சட்டம்

1929இன் சாரதா சட்டம் பெண்ணின் மணவயதை 14 ஆக வைத்தது. 1978இல் அது 18 ஆனது. இப்போது நடப்பில் உள்ள 2006ஆம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் நடத்தி வைப்பவருக்கும் துணைபோகும் பெற்றோருக்கும் 2 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. பெண்களுக்குச் சிறை இல்லை.

சிதம்பரம் வழக்குகள்

தீட்சிதர் மரபில் மணமானவரே கோயில் பூசைக்கு உரியவர். 2022இல் காவல்துறை வழக்குப் பதிந்து தீட்சிதர்கள் சிலரைக் கைது செய்தது. சிறுமிகளுக்கு இரு விரல் பரிசோதனை நடந்ததாக 2023இல் ஆளுநர் ஆர்.என். ரவி குற்றம் சாட்டினார்; காவல்துறை மறுத்தது. தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையமும் விசாரித்தது. பாலியல் வழக்குகளில் அந்தப் பரிசோதனை கூடாது என 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதிபடக் கூறியிருந்தது. சிறுமியைக் காக்க வந்த விசாரணையே அவளைக் காயப்படுத்தக் கூடாது.

ரத்து செய்யும் உரிமை

குழந்தைத் திருமணம் பொதுவாகத் தானாக ரத்தாவதில்லை. சிறு வயதில் மணம் முடிக்கப்பட்டவர், மேஜரான பின் 2 ஆண்டுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் மனு செய்யலாம். மைனராக இருக்கும்போதே என்றால் காப்பாளர் அல்லது நலம்விரும்பி ஒருவர், குழந்தைத் திருமணத் தடை அலுவலருடன் சேர்ந்து மனு செய்ய வேண்டும். ரத்தானால் நகையும் பணமும் இரு தரப்பும் திருப்பித் தர வேண்டும். பெண்ணுக்கு மறுமணம் வரை ஜீவனாம்சம் உண்டு. பிறந்த குழந்தைகள் சட்டப்பூர்வ வாரிசுகளே.

தமிழ்நாட்டில் தடை அலுவலர் பொறுப்பை மாவட்டச் சமூகநல அலுவலர் வகிக்கிறார். கல்யாணம் நிச்சயமானது தெரிந்தவுடனே குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைக்கலாம். நீதிமன்றத் தடையை மீறி நடக்கும் குழந்தைத் திருமணம் செல்லாது.