தோட்டம் தாமானாகும்போது பேசுபவர் யார்?



தாப்பாவில் பால்மரங்கள் சாய்ந்து வீடமைப்புப் பகுதி எழுவதைக் காணும்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி எழும். அதற்கு அனுமதி வழங்கும் மன்றத்தில் நமக்காகப் பேசுபவர் யார்?

ஒரு காலத்தில் ஊராட்சி மன்றங்களுக்குத் தேர்தல் நடந்தது. இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி 1965இல் அது நிறுத்தப்பட்டது. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம் தேர்தலை மீட்கப் பரிந்துரைத்தது. (நம் மாணவருள் எத்தனை பேர் அப்பெயரை அறிவர்?) அரசு அதனை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் தேர்தலையே நீக்கியது. இன்று மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது.

அதே ஆண்டு வந்த நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் ஒரு சிறு கதவைத் திறந்தது. உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில் மேம்பாட்டுக்கு விண்ணப்பம் வந்தால், அண்டை நில உரிமையாளருக்கு மன்றம் கடிதம் அனுப்ப வேண்டும். அவர் 21 நாள்களுக்குள் ஆட்சேபிக்கலாம்.

'உரிமையாளர்' என்னும் சொல்லைக் கவனியுங்கள். மூன்று தலைமுறையாக லயத்தில் வாழ்ந்தவரிடம் நிலப்பட்டா ஏது? அவர் வீட்டுக்கு அக்கடிதம் வராது.

ஆயின், உள்ளூர்த் திட்டத்தின் வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது எவரும் கருத்து எழுதலாம், பட்டா தேவையில்லை. பள்ளிக்கு நிலம், திடல், கோயிலுக்கு இடம் ஆகியவற்றைக் கேட்க வேண்டிய நேரம் அதுதான். மரம் சாய்ந்தபின் அன்று.

பெற்றோர் கூட்டமொன்றில் இதை விளக்கினேன். ஒரு தாய் எழுந்து, "எந்த மொழியில எழுதணும், சார்?" என்றார். மலாயில் எழுத வேண்டும். அருகில் அமர்ந்து எழுதித் தர நான் ஆயத்தம்.