டெலிவரி முடிஞ்சாச்சு... அடுத்த 42 நாள்? வீடு தேடி வரும் நர்ஸை மிஸ் பண்ணாதீங்க!

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்ததும் எல்லார் கண்ணும் குழந்தை மேலதான். அம்மாவை 'எப்படி இருக்கே?' என்று கேட்க ஆளிருக்காது. ஆனால், பிரசவத்துக்குப் பிறகான 42 நாள்கள் இருவருக்குமே முக்கியமானவை. பிறந்த ஒரு மாதத்துக்குள் இறக்கும் பச்சிளம் குழந்தைகளில் சுமார் முக்கால்வாசிப் பேர் முதல் வாரத்திலேயே இறக்கிறார்கள். அதனால்தான் கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கே வருகிறார். நகரங்களில் நகர்ப்புற சுகாதார செவிலியர்.

எப்போ வருவாங்க?

மருத்துவமனைப் பிரசவம் என்றால் 3, 7, 14, 21, 28, 42-ம் நாள்களில் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்கிறது தேசியத் திட்டம். பல மாநிலங்களில் ஆஷா பணியாளர்கள் செய்யும் இந்த வேலையை, தமிழ்நாட்டில் பெரும்பாலும் செவிலியர்களே பார்க்கிறார்கள்.

என்ன பார்ப்பாங்க?

குழந்தையின் எடை, உடல் சூடு, தொப்புள், மஞ்சள் காமாலை, பால் குடிக்கும் விதம். முதல் சில நாள்களில் எடை கொஞ்சம் குறைவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் திரும்பக் கூடிவிட வேண்டும். அம்மாவுக்கு ரத்தப்போக்கு, காய்ச்சல், பி.பி, தையல், மார்பு வலி. காரணமில்லாமல் அழுகை, தூக்கமின்மை இருந்தால் அதையும் தயங்காம சொல்லுங்க.

சேனை வைப்பது, தொப்புளில் விபூதி பூசுவது, மூக்கில் எண்ணெய் விடுவது... பாட்டியிடம் 'வேண்டாம்'னு நாம சொன்னா சண்டை வரும். நர்ஸ் சொன்னா எடுபடும்! ஆறு மாசம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். தொப்புளை ஈரமில்லாம வச்சாலே போதும்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

அம்மாவுக்கு: ஒரு மணி நேரத்துக்குள் பேட் முழுசா நனைவது, காய்ச்சல், துர்நாற்றம், கடுமையான தலைவலியோடு பார்வை மங்கல், வலிப்பு, மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி.

குழந்தைக்கு: பால் குடிக்காதது, உடல் ஜில்லென்று ஆவது அல்லது காய்ச்சல், நிமிடத்துக்கு 60 தடவை அல்லது அதற்கு மேல் மூச்சு, உள்ளங்கை, பாதம் வரை மஞ்சள், தொப்புளில் சீழ், வலிப்பு.

இதில் ஒன்று இருந்தாலும் நர்ஸ் வரட்டும்னு காத்திருக்காம 108-ஐ அழையுங்கள்.

அம்மா வீட்டுக்குப் போறீங்களா?

பல பேர் கோட்டை விடுறது இங்கேதான். கர்ப்பத்தைப் பதிவு செய்தது மாமியார் ஊரில். பிரசவத்துக்குப் போவது அம்மா ஊருக்கு. நீங்கள் வந்திருப்பது அந்த ஊர் நர்ஸுக்குத் தெரியாவிட்டால் எப்படி வருவார்? கிளம்பும் முன்பே பழைய நர்ஸிடம் சொல்லுங்கள். போனதும் அங்குள்ள துணை சுகாதார நிலையத்தில் பிக்மி எண்ணைக் கொடுங்கள். நர்ஸின் நம்பரை போனில் சேவ் பண்ணிக்கோங்க. தனியார் மருத்துவமனையில் பிரசவம் ஆனவர்களும் தகவல் சொல்லலாம்.

நர்ஸ் வந்தா 'குழந்தை தூங்குது, அப்புறம் வாங்க'ன்னு வாசலோடு அனுப்பிடாதீங்க. உள்ளே கூப்பிட்டு உட்கார வச்சு, மனசுல இருக்கிற சந்தேகம் எல்லாத்தையும் கேளுங்க!