பழவேற்காட்டு வழியும் வெளியூர் ஓட்டுநரும்

திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், பழவேற்காடு ஏரியின் தென்கரையில் இருக்கிறது கோட்டைக்குப்பம். டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டையின் இடிபாடுகளுக்கு அருகே அமைந்த மீனவர் ஊர். சென்னையிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். நானூறு ஆண்டுகளுக்கு மேலாக வெளிநாட்டாரும் வெளியூராரும் வந்துபோகும் இந்தக் கரைக்கு, வருகிறவர் தாமே வண்டியோட்டி வருவது மிக அண்மைக்கால வழக்கம். அதற்கு முன்பெல்லாம் வந்தவர் ஏறி உட்கார்ந்தார். வழி தெரிந்த உள்ளூர்க்காரர் செலுத்தினார். இந்தியச் சாலையில் அந்நியர் ஒருவர் ஸ்டீயரிங்கைப் பிடிக்கும்போது ஏற்படும் திகைப்பின் வேர் இந்த வரலாற்றில் இருக்கிறது.

டச்சுக் கப்பல்கள் பழவேற்காட்டுக் கரையை நேரே தொட முடியவில்லை. ஏரியைக் கடலோடு சேர்க்கும் முகத்துவாரம் ஆழம் குறைந்தது; மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். கப்பல் வெளியே நங்கூரமிட்டு நிற்க, ஆளும் சரக்கும் உள்ளூர்ப் படகுகளில் கரைக்கு வந்தன. சோழமண்டலக் கரை முழுவதும் இதற்குப் பயன்பட்டவை கட்டுமரமும் மசூலாப் படகும். மசூலாவில் ஆணி கிடையாது. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதும்போது உடல் வளைந்து கொடுக்கும். ஐரோப்பியக் கப்பலின் ஆணியடித்த படகு அதே அலையில் உடைந்துபோகும். எந்த அலையை விட வேண்டும், எந்த அலையின் முதுகில் ஏற வேண்டும் என்பது கரையோர மீனவருக்கே தெரிந்திருந்தது. அனுபவமுள்ள ஐரோப்பிய மாலுமியும் இந்தக் கடைசித் தொலைவில் வெறும் பயணிதான்.

1690-இல் டச்சுக்காரர்கள் தங்கள் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை, பழவேற்காடு அவர்களுடைய சோழமண்டல வணிகத்தின் தலைநகராக இருந்தது. சாயமிட்ட துணி உள்நாட்டு நெசவூர்களிலிருந்து கோட்டைக்கு வந்துசேரும். துணி வாங்கவும் கணக்குப் பார்க்கவும் உள்நாட்டுக்குப் போன ஐரோப்பியர் தரைவழியிலும் பிறர் தோளையே நம்பினார்கள். வசதியுள்ளவருக்குப் பல்லக்கு. போயிகள் தோள் மாற்றி மாற்றித் தூக்குவார்கள். நெடும்பயணம் என்றால் வழியில் ஊருக்கு ஊர் புதிய போயிகள் காத்திருக்க முன்கூட்டியே ஏற்பாடு நடக்கும். இரவில் முன்னே தீவட்டிக்காரர் ஓடுவார். மொழிக்குத் துபாஷி என்னும் மொழிபெயர்ப்பாளர்; தங்கலுக்குச் சத்திரம். பல்லக்கில் படுத்திருப்பவர் வழி கேட்கத் தேவையில்லை. ஆரணியாற்றில் எங்கே இறங்கிக் கடக்கலாம், மழைக்காலத்தில் எந்த வரப்பு நிற்கும் என்பதெல்லாம் தூக்குகிறவரின் அறிவு. ஊர் ஊராக இப்படிச் சுற்றியவர்கள் எழுதிவைத்த பயணக் குறிப்புகளில் தூக்கியவர்களின் பெயர் அரிதாகவே இடம்பெறுகிறது. இது பெரிய இழப்பு; இந்தப் பகுதியின் வழிகளைப் பற்றிய முழு அறிவும் அவர்களிடம்தான் இருந்தது.

பின்னர் சாலையைவிட நீர்வழியே சிறந்த வழியாயிற்று. பேசில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை 11 மைல் நீளக் கால்வாயை 1806-இல் முடித்தார். அரசு 1837-இல் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. கால்வாய் வடக்கே பழவேற்காடு ஏரிக்கும் அதற்கப்பால் ஆந்திரக் கரைக்கும் நீண்டது. 1876 முதல் 1878 வரையிலான பெரும் பஞ்சத்தில் நிவாரண வேலையாக அடையாற்றுக்கும் கூவத்துக்கும் இடையே இணைப்பு வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு வந்தது. ஸ்ரீஹரிகோட்டாக் காட்டின் விறகு, உப்பு, சுண்ணாம்புக்கான கிளிஞ்சல் ஆகியவை இந்த வழியே சென்னைக்குப் போயின. பாய் விரித்தும், கழி ஊன்றியும், கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுத்தும் படகைச் செலுத்தினார்கள். 1960களிலும் 70களிலும் அடித்த புயல்களும், தூர் வாராமல் விட்டதும், லாரிப் போக்குவரத்தின் வளர்ச்சியும் சேர்ந்து கால்வாயை முடக்கிவிட்டன. அதன் பிறகே பழவேற்காடு முழுக்க முழுக்கச் சாலையை நம்பிய ஊராயிற்று.

வெளியார் கண்ணுக்குக் குழப்பமாகத் தெரியும் நீர்ப்பரப்பில் உள்ளூரார் எப்படி ஒழுங்கு வைத்திருந்தார்கள் என்பதற்கு இந்த ஏரியின் பாடு முறை சிறந்த சான்று. கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய, பட்டினவர் என்ற மீனவச் சமூகத்தின் மூன்று ஊர்களுக்கு, முகத்துவாரத்தை ஒட்டி இறால் அதிகம் கிடைக்கும் இடங்களில் மரபுரிமை உண்டு. இன்றைக்கு எந்த ஊர், எந்த இடத்தில் எந்த வலையை இறக்கலாம் என்பது முறை வைத்து மாறும். ஊருக்குள் யார் யாருக்கு எந்த இடம் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பார்கள். பங்கு பெறத் தகுதி, தலைக்கட்டு என்னும் குடும்பக் கணக்கோடு சேர்ந்தது. நல்ல இடம் ஒருவருக்கே நிலையாகப் போய்விடாமல் சுற்றிவரும். கரையில் நிற்கும் வெளியூர்க்காரருக்குத் தெரிவது நெருக்கமாக நிற்கும் படகுகளும் கூச்சலும்தான். நீருக்கு மேல் கோடும் இல்லை, பலகையும் இல்லை. ஆனாலும் யாருடைய முறை என்பதில் ஊராருக்கு ஐயம் இருப்பதில்லை. முறையை மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து விசாரிக்கும். உரிமையில்லாத பிற சமூகத்தாருக்கு இந்த முறையால் மனக்குறை உண்டு, அது நியாயமானதும்கூட. ஆனால் எழுதாத விதி என்பதால் விதியே இல்லை என்று ஆகிவிடாது. இந்தியச் சாலையைப் படிக்க வேண்டியவருக்கும் இதே கவனம் தேவைப்படுகிறது.

சாலைக்கு எழுதப்பட்ட விதி மோட்டார் வண்டியோடு வந்தது. இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் சென்னையில் கார் ஓடத் தொடங்கியது. 1903-இல் சிம்சன் நிறுவனம் நீராவிக் கார் ஒன்றைச் சென்னையிலேயே செய்து ஓட்டிக்காட்டியது. இந்தியா முழுமைக்குமான முதல் மோட்டார் வாகனச் சட்டம் 1914-இல் இயற்றப்பட்டது. பதிவும் உரிமமும் கட்டாயமாயின; 18 வயதுக்குக் குறைந்தவர் ஓட்டக் கூடாது என்றாயிற்று. 1939-இல் விரிவான சட்டம் வந்தது. இன்று நடைமுறையில் உள்ள 1988-ஆம் ஆண்டுச் சட்டம் 1989 ஜூலை 1 முதல் அமலானது. இடப்பக்கம் செல்லும் பிரிட்டிஷ் வழக்கமே சட்டமாயிற்று. ஆகவே தம் டச்சு முன்னோரின் கல்லறைகளைக் காணப் பழவேற்காடு வரும் நெதர்லாந்துக்காரருக்கு இங்கே கைப்பழக்கமே தலைகீழ். அவர் நாட்டில் வலப்பக்கம். இலங்கைத் தமிழருக்கு அந்தத் தொல்லை இல்லை. பிரான்சிலும் கனடாவிலும் வாழும் தமிழருக்கு உண்டு.

வெளிநாட்டார் வண்டியோட்டும் உரிமை உலக உடன்படிக்கைகளால் பிறந்தது. 1909-இல் பாரிசில் கையெழுத்தான உடன்படிக்கை இதற்கு அடித்தளம் இட்டது. 1949-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையின்படி தரப்படும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி ஓராண்டு செல்லும். சொந்த நாட்டு உரிமத்தோடு சேர்த்துக் காட்ட வேண்டும். இந்தியா இந்த உடன்படிக்கையில் இருக்கிறது. சொந்த வண்டியையே கொண்டுவருகிறவர் சுங்கத்துக்குப் பிணையாக 'கார்னே' என்ற ஆவணத்தை வைத்திருக்க வேண்டும். திரும்பும்போது வண்டியையும் கொண்டுபோவேன் என்பதற்கான உறுதி அது. 1957-இல் லண்டனிலிருந்து கல்கத்தாவுக்குத் தரைவழிப் பேருந்தே வந்தது. 1960களிலும் 70களிலும் ஐரோப்பிய இளைஞர்கள் வேன்களில் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியே இந்தியாவுக்கு ஓட்டிவந்தார்கள். 1979-இல் ஈரானில் நடந்த புரட்சியும் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்ததும் அந்த வழியை அடைத்தன.

ஆனால் பெரும்பாலான விருந்தினர் பின்னிருக்கையில்தான் இருந்தார்கள். 1950களின் பிற்பகுதியில் வந்த அம்பாசிடர் காரும் அதன் டிரைவரும் சுற்றுலாவின் பிரிக்க முடியாத இணை. வாடகைக் கார் என்றாலே டிரைவரோடு வருவது என்றுதான் பொருள். டிரைவர் இல்லாமல் காரை வாடகைக்குத் தரும் தொழிலை முறைப்படுத்தும் திட்டத்தை மத்திய அரசு 1989-இல்தான் வெளியிட்டது. அத்தகைய வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. டாக்சிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து, சொந்த வண்டிக்கு வெள்ளைப் பலகை என்ற வரிசையில் இதுவும் ஒன்று. கைபேசிச் செயலியில் பதிந்து காரை எடுத்துக்கொண்டு போகும் வழக்கம் 2010களில் பரவியது. சென்னையிலிருந்து வெளிநாட்டார் ஆட்டோ ஓட்டிச் செல்லும் நெடும்பயணப் போட்டிகளும் 2006 முதல் நடந்திருக்கின்றன. பல்லக்கின் உள்ளே இருந்தவர் போயியின் இடத்துக்கு வந்த கதை இவ்வளவு குறுகியது.

அப்படி வந்தவர் முதலில் கற்க வேண்டியது ஒலியும் ஒளியும். ஐரோப்பாவில் ஹாரன் பெரும்பாலும் கோபத்தின் குரல். இங்கே அது இருப்பைச் சொல்லும் குரல்: பின்னால் வருகிறேன், பக்கத்தில் இருக்கிறேன், வளைவில் திரும்புகிறேன். லாரியின் பின்புறத்தில் ஒலி எழுப்பச் சொல்லி எழுதியிருப்பது, கண்ணாடி சிறிதாகவும் சுமை அகலமாகவும் இருந்த காலத்தின் தேவை. மகாராஷ்டிர அரசு 2015-இல் அப்படி எழுதுவதைத் தடைசெய்தது. தேவையில்லாத ஒலி கூடாது என்று சட்டமும் சொல்கிறது. ஆனாலும் பழக்கம் போகவில்லை. முகப்பு விளக்கை விட்டுவிட்டு எரியவிடுவதில் ஆபத்து அதிகம். இங்கிலாந்தில் நடைமுறையில் அதற்கு 'நீங்கள் போங்கள்' என்று பொருள். இங்கே 'நான் வருகிறேன், நில்லுங்கள்' என்று பொருள். இரண்டையும் குழப்பிக்கொண்டவர் எதிரே வரும் பேருந்தின் முன் போய் நிற்பார். முன்னே செல்லும் லாரியின் கிளீனர் கையை வெளியே நீட்டி முன்னோக்கி அசைத்தால் முந்தலாம். உள்ளங்கையைக் காட்டினால் பொறுக்க வேண்டும்.

நாற்சந்தியில் வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டுச் சாலை விதிகளிலேயே உண்டு. நடைமுறையில் முன்சக்கரம் முதலில் நுழைந்தவரும், வண்டி பெரியவரும் முந்துகிறார்கள். இதை 'இந்தியத் திறமை' என்று பாராட்டும் பயண எழுத்து நிறைய உண்டு; அது பொறுப்பற்ற பாராட்டு. 2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு தமிழ்நாடு 64,105 என்ற கணக்கோடு முதலிடத்தில் இருந்தது. எழுதாத விதிக்குப் பெரிய வண்டியின் ஓட்டுநர்களே பொருள் சொல்வதால், நடப்பவரும் இருசக்கர வண்டிக்காரரும் அதற்கு உயிரைக் கொடுக்கிறார்கள். ஏரியின் பாடு முறையில் சீட்டுக் குலுக்கல் வலிய கையைக் கட்டிப்போட்டது. சாலையில் அப்படிப்பட்ட கட்டு எதுவும் உருவாகவில்லை.

சென்னையிலிருந்து பழவேற்காட்டுக்கு இரண்டு வழிகள். கொல்கத்தா நெடுஞ்சாலையில் தச்சூர் கூட்டுச் சாலை வரை போய்ப் பொன்னேரிக்குத் திரும்புவது ஒன்று. மீஞ்சூர் வழியே போவது மற்றொன்று. எண்ணூரில் 2001-இல் திறந்த துறைமுகமும் அதன் பின் வந்த காட்டுப்பள்ளித் துறைமுகமும் மீஞ்சூர்ப் பக்கத்தைக் கன்டெய்னர் லாரிகளின் தடமாக்கிவிட்டன. வரிசையில் நிற்கும் லாரிகளுக்கு இடையே பைக் நுழைவதே கடினம். பொன்னேரியைத் தாண்டியதும் சாலை ஒடுங்கி வயல்வெளிக்குள் நுழைகிறது. அறுவடைக் காலத்தில் தார்ச்சாலையின் பாதியில் நெல் காயும். சுற்றிக் கல் வைத்திருப்பார்கள். அந்தக் கல்லை இரவில் கவனிக்காதவர் விழுவார். ஷேர் ஆட்டோ கைகாட்டிய இடத்தில் நிற்கும். ஐஸ் பெட்டி கட்டிய மீன் வண்டிகள் விடியற்காலையில் விரைந்து வரும், ஏனெனில் மீன் காத்திருக்காது. மாடு அவசரப்படாது. பூநாரை வரும் குளிர்கால மாதங்களின் ஞாயிறுகளில் இதே ஒடுங்கிய சாலையில் சென்னைக் கார்களும் சேர்ந்துகொள்ளும்.

சாலை முடியும் இடத்தில் விருந்தினர் மறுபடி படகேறியதும் உண்டு. மீன்வரத்து குறைந்தபோது மீனவர்களில் சிலர் பார்வையாளரை ஏற்றிச் செல்வதைத் துணைத்தொழிலாக்கிக்கொண்டனர். 2011 டிசம்பர் 25-இல், கிறிஸ்துமஸ் நாளில் ஏரியைப் பார்க்க வந்தவர்கள் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். மீன்பிடிக்கக் கட்டிய படகு; அளவுக்கு மீறிய ஆட்கள்; உயிர்காப்பு உடை இல்லை. அதன்பின் பார்வையாளர் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. உள்ளூர்க் கையை நம்புவது மட்டும் போதாது, அந்தக் கைக்கு உரிமமும் கருவியும் ஆய்வும் வேண்டும் என்பதை அந்த நாள் பெரும் விலை கொடுத்து உணர்த்தியது.

சாலைக்கு அந்தப் பொறுப்பு மெல்ல வந்துகொண்டிருக்கிறது. 1989-ஆம் ஆண்டு விதிகளுக்குப் பதிலாக 2017-இல் புதிய ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் வெளியாயின. சட்டத் திருத்தம் ஒன்றால் 2019 செப்டம்பர் 1 முதல் உரிமமின்றி ஓட்டுவதற்கு அபராதம் 5,000 ரூபாயாக உயர்ந்தது. செல்லத்தக்க அனுமதி இல்லாத வெளிநாட்டாருக்கும் இது பொருந்தும். விபத்தில் அடிபட்டவரைத் தூக்கி மருத்துவமனையில் சேர்ப்பவரை வழக்கில் இழுக்காத பாதுகாப்பும் அந்தத் திருத்தத்தில் சேர்ந்தது. தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008 முதல் ஓடுகிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், மாநில எல்லைக்குள் விபத்துக்குள்ளாகும் எவருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, குறித்த வரம்புக்குள், கட்டணமின்றிக் கிடைக்கிறது. அடிபட்டவர் தமிழ்நாட்டவரா, வேற்று மாநிலத்தவரா, வெளிநாட்டவரா என்று அதில் பார்ப்பதில்லை.