நாலு நாளைக்கு ஒரு எண்ணெய்க் குளியல்!

உங்கள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது என்னவெல்லாம் விசாரித்தீர்கள்? கம்ப்யூட்டர் உண்டா, கராத்தே உண்டா, இங்கிலீஷில் பேச வைப்பார்களா... சரி, நாலு நாளைக்கு ஒரு தடவை தலைக்கு எண்ணெய் தேய்த்து விடுவார்களா என்று கேட்டீர்களா?

சிரிக்காதீர்கள். தஞ்சாவூர்ச் சீமையில் 200 வருஷத்துக்கு முன்னால் அப்படியும் பள்ளிக்கூடங்கள் நடந்தன. சொன்னவர் சாதாரண ஆளில்லை, ராஜா!

இரண்டாம் சரபோஜி 1798-ல் பட்டத்துக்கு வந்தார். மறு வருஷமே கிழக்கிந்தியக் கம்பெனி ஓர் ஒப்பந்தத்தை நீட்டியது. ராஜ்யம் கம்பெனிக்கு. தஞ்சைக் கோட்டையும் அதன் சுற்றுப்புறமும் மட்டும் ராஜாவுக்கு. கூடவே வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு, வருஷ மானியம். காவிரி பாய்கிற நெல் பூமி மொத்தமும் கைவிட்டுப் போச்சு. அப்போது அவருக்கு 25 வயதுகூட ஆகவில்லை.

1801-ல், தஞ்சாவூரிலிருந்த கம்பெனி ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு சரபோஜி ஒரு கடிதம் எழுதுகிறார். என்ன கேட்டிருப்பார்? படையா, பல்லக்கா? ம்ஹூம். முன்னோர்கள் ராமேஸ்வரம் போகிற வழியில் கட்டிவைத்த சத்திரங்கள் தடையில்லாமல் நடக்க வேண்டும் என்கிறார்!

சத்திரம் என்றால் சோறு போடுகிற இடம், அவ்வளவுதானே என்று நினைப்போம். கடிதத்தைப் படித்தால் அசந்து போவீர்கள். வேதத்துக்கு ஆசிரியர்கள் உண்டு. தனியாகப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் உண்டு. விஷக்கடிக்கு மருந்து தெரிந்த வைத்தியர்களும் உண்டு.

அந்தக் காலத்து யாத்திரை கால்நடையாகத்தான். வழியில் காய்ச்சல் கண்டு அப்பனும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டால் பிள்ளையின் கதி? அப்படி அநாதையான குழந்தைகள் அந்த வாத்தியாரின் பொறுப்பு. மூன்று வேளைச் சாப்பாடு, நாலு நாளைக்கு ஒரு முறை எண்ணெய், உடுத்தத் துணி, உடம்புக்கு வந்தால் மருந்து. எந்தப் படிப்பில் பிள்ளைக்கு விருப்பமோ அந்தப் படிப்பு. படித்து முடித்தால் கல்யாணச் செலவும் சத்திரத்தோடது!

பி.காம். படித்தவனுக்குக் கணக்குப் புத்தகம்தான் முதலில் கண்ணில் படும். இங்கே எண்ணெயும் துணியும் படிப்போடு ஒரே பக்கத்தில் வருகின்றன. பிள்ளையின் உடம்பைப் பார்த்துக்கொள்வதும் வாத்தியார் வேலைதான் என்று ஒரு ராஜா எழுத்தில் வைத்திருக்கிறார்.

கொஞ்சம் பொறுங்கள். இது ஒரு விண்ணப்பம். விண்ணப்பம் எழுதுகிறவர் தன் பக்கத்தை அழகாகத்தான் காட்டுவார். ஆடிட்டர் கையெழுத்து கிடையாது. எல்லா ஜாதிக்கும் சோறு உண்டு என்கிறது கடிதம். ஆனால் வேதப் படிப்பு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை என்பது ஊரறிந்த விஷயம். அதையெல்லாம் கழித்துக்கொண்டு பார்த்தாலும் மிச்சம் நிற்கிறது. கம்பெனிக்காரனிடம் கேட்பதற்கு ஒரு ராஜாவுக்கு எத்தனையோ இருக்க, இதைக் கேட்டாரே! கேட்டதோடு நிற்கவுமில்லை. 1802-ல் ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் பெயரில் புதுச் சத்திரமே கட்டினார்.

எல்லாப் பள்ளிக்கூடமும் அப்படியில்லை. அதே சீமையில் 1855-ல் பிறந்த உ.வே.சா., 'என் சரித்திரம்' எழுதும்போது திண்ணைப் பள்ளிக்கூடத்தின் பிரம்பை மறக்கவில்லை.

பிறகு சோறு திரும்பி வந்தது. 1956-ல் காமராஜரின் மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு. அரசு ஆரம்பப் பள்ளிகளின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 அன்று மாநிலம் முழுக்க விரிந்ததும் இதே டெல்டாவில், திருக்குவளையில்தான்.

ஆனால், சோறு மட்டும் போதுமா? 2004 ஜூலை 16-ஐ நினைத்துப் பாருங்கள். கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடம். சமையலறையில் பிடித்த தீ, வகுப்பறையின் கீற்றுக்கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள். அந்தக் கணக்கில் சோறு இருந்தது. தலைக்கு மேலே நல்ல கூரையும், ஓடித் தப்பிக்க வழியும் இல்லை.

அடுத்த முறை பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது ரேங்க் கார்டை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். முதலில் சமையல்கட்டைப் பாருங்கள். குடிதண்ணீர், கக்கூஸ், மாடிப்படி, வாசல் எல்லாவற்றையும் பாருங்கள். அதெல்லாம் வாத்தியார் வேலையா என்று யாராவது கேட்டால், 1801-லேயே ஒருத்தர் பதில் எழுதிவிட்டார் என்று சொல்லுங்கள்.