கிப்லா காட்டும் செயலிக்கு நம் வீட்டு வாசல் எதற்கு?

திருச்சி பாலக்கரையின் தொழுகை நேரத்துக்கும் ஸ்ரீரங்கத்தின் தொழுகை நேரத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் இருக்கும்? பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகிறது. நம் ஊர் இருக்கும் அட்சரேகையில் ஒரு பாகை என்பது கிழக்கு மேற்காக ஏறத்தாழ 109 கிலோமீட்டர். அதாவது ஒரு கிலோமீட்டருக்கு இரண்டு நொடிக்குச் சற்று மேல். ஸ்ரீரங்கமோ காவிரிக்கு அக்கரையில், மலைக்கோட்டைக்கு ஏறக்குறைய நேர் வடக்கே இருக்கிறது. எனவே வித்தியாசம் வெறும் நொடிக் கணக்குதான். சென்னைக்கும் திருச்சிக்குமே தீர்க்கரேகைக் கணக்கில் ஆறு நிமிடம் சொச்சம். பருவத்துக்கேற்ப அது சற்றுக் கூடும், குறையும். கிப்லாவும் அப்படித்தான். திருச்சியிலிருந்து கஅபாவின் திசை, நேர் மேற்கிலிருந்து சுமார் 21 பாகை வடக்கே. காவிரிப் பாலத்தைக் கடந்து போனால் அது மாறிவிடாது.

ஆக, ஒரு தொழுகை நேரச் செயலிக்குத் தேவைப்படுவதெல்லாம் ஊரின் பெயர் மட்டுமே. ஆனால் அப்படிப்பட்ட செயலிகள் பலவும் நிறுவியவுடன் நம் 'துல்லியமான இருப்பிடத்தை' கேட்கின்றன. எந்தத் தெரு, எந்த வீடு என்கிற அளவுக்குத் துல்லியம். நாமும் தொழுகைக்குத்தானே என்று நம்பி 'அனுமதி' என்பதை அழுத்திவிடுகிறோம். தேவையில்லாத ஒன்றை ஏன் கேட்கிறார்கள்? இதற்கு விடை 2020 நவம்பரில் கிடைத்தது.

முஸ்லிம் ப்ரோ விவகாரம்

சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றின் தயாரிப்பான 'முஸ்லிம் ப்ரோ' நம் வீடுகளிலும் பலர் வைத்திருந்த செயலி. பாங்கு, கிப்லா, குர்ஆன் எல்லாம் அதில் உண்டு. உலக அளவில் 9 கோடிக்கும் மேல் பதிவிறக்கம் என்று அந்நிறுவனமே சொல்லிக்கொண்டது. 2020 நவம்பர் 16 அன்று அமெரிக்காவின் 'மதர்போர்டு' இணைய இதழ் வெளியிட்ட செய்தியின் சாரம் இது: முஸ்லிம் ப்ரோவிலிருந்து பயனர்களின் இருப்பிடத் தகவல் 'எக்ஸ்-மோட்' என்ற தரகு நிறுவனத்துக்குப் போகிறது. அந்த நிறுவனம் தன்னிடம் சேரும் தகவலை ஒப்பந்ததாரர்களுக்கு விற்கிறது. அவர்கள் வழியாக அது அமெரிக்க ராணுவத்தைச் சென்றடைகிறது.

எக்ஸ்-மோட் செய்த வியாபாரம் எளிமையானது. செயலி தயாரிப்பவருக்குப் பணம் கொடுத்து, தன்னுடைய சிறிய நிரல் ஒன்றை அந்தச் செயலிக்குள் வைக்கச் சொல்லும். அதன் பிறகு, அந்தச் செயலிக்கு நாம் கொடுத்த லொக்கேஷன் அனுமதி இந்த நிரலுக்கும் கிடைத்துவிடும். நாம் பார்ப்பது கிப்லா முள்ளை மட்டும்.

இந்தச் செய்தி பரவியபோது வாட்ஸ்அப்பில் வந்த மிகைப்படுத்தல்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ராணுவத்துக்குத் தாங்கள் நேரடியாக விற்றதாக முஸ்லிம் ப்ரோ ஒப்புக்கொள்ளவில்லை, மறுத்தது. எக்ஸ்-மோட் உடனான தொடர்பை உடனே துண்டிப்பதாக அறிவித்தது. அடுத்த மாதமே ஆப்பிளும் கூகுளும் எக்ஸ்-மோட் நிரலைச் செயலிகளிலிருந்து நீக்கும்படி உத்தரவிட்டன. 2021 ஜனவரியில், 1 கோடிக்கும் மேல் பதிவிறக்கம் கண்ட 'ஸலாத் ஃபர்ஸ்ட்' என்ற இன்னொரு தொழுகைச் செயலியும் பிரான்ஸைச் சேர்ந்த 'பிரெடிசியோ' என்ற தரகு நிறுவனத்துக்கு இருப்பிடத் தகவலைக் கொடுத்தது வெளியானது. 2024 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம் எக்ஸ்-மோட் மீது நடவடிக்கை எடுத்து, மருத்துவமனை, வழிபாட்டுத் தலம், வன்முறையிலிருந்து தப்பிய பெண்கள் தங்கும் விடுதி போன்ற இடங்களுக்கு யார் போனார் என்று காட்டும் தகவலை விற்கத் தடை விதித்தது. அதற்குள் எக்ஸ்-மோட் தன் பெயரையே 'அவுட்லாஜிக்' என்று மாற்றிக்கொண்டிருந்தது!

இது முஸ்லிம்களின் செயலிகளுக்கு மட்டும் உரிய நோய் அல்ல. வானிலை பார்க்கும் செயலி, விளையாட்டு, தள்ளுபடிக் கூப்பன், ஸ்ரீரங்கத்தில் பக்கத்து வீட்டு மாமி வைத்திருக்கும் பஞ்சாங்கச் செயலி என எதுவானாலும், இருப்பிடம் கேட்டால் ஏன் என்ற கேள்வி ஒன்றுதான்.

போனுக்கு எப்படித் தெரிகிறது?

மேலே சுற்றும் செயற்கைக்கோள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் நேரத்தையும் தங்கள் இடத்தையும் ஒலிபரப்பிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். போன் வானொலிப் பெட்டியைப் போல அதைக் கேட்கிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் ஒலிபரப்பு கிடைத்தால் தன் இடத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும். எனவே கசிவது வானத்திலிருந்து அல்ல. கணக்கிட்ட விடையை வாங்கி இணையம் வழியாக அனுப்புவது செயலிதான்.

ஜிபிஎஸ்ஸை அணைத்தாலும் அருகிலுள்ள வைஃபை பெயர்களையும் ப்ளூடூத் கருவிகளையும் வைத்து இடத்தைக் கணிக்க முடியும். அதையும் அணைத்தாலும் செல்போன் டவர் இருக்கிறது. எந்த டவரோடு இணைந்திருக்கிறோம் என்று தெரியாமல் நமக்கு அழைப்பு வராது. இந்தியாவில் அழைப்புப் பதிவுகளைத் தொலைபேசி நிறுவனங்கள் இரண்டு ஆண்டுகளாவது வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் விதி மாறியது. 2020 மார்ச் இறுதியில் டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸுக்குப் போய்வந்தவர்களைத் தேட டவர் பதிவுகள் பயன்பட்டதை நம் சமுதாயம் மறந்திருக்காது. நோய்த்தொற்றுக் காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. ஆனால் ஒருவர் எங்கே தொழுதார், எங்கே தங்கினார் என்பது அவரைக் கேட்காமலேயே தெரிந்துவிடும் என்பதையும் அன்றுதான் பலர் உணர்ந்தார்கள்.

"பெயரைக் கொடுப்பதில்லையே, வெறும் எண்தானே" என்பது தரகு நிறுவனங்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். 2013இல் வெளியான ஓர் ஆய்வு 15 லட்சம் பேரின் செல்போன் நடமாட்டத்தைப் பார்த்தது. ஒருவர் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்பதற்கு நான்கே நான்கு புள்ளிகள் கிடைத்தால், 95 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காண முடிந்தது. நம் ஊரிலேயே யோசித்துப் பாருங்கள். இரவு பாலக்கரையில் ஒரு தெருவில் இருக்கும் போன். காலை சத்திரம் பேருந்து நிலையம். பகலெல்லாம் ஸ்ரீரங்கத்தில் ஒரு கடை. வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் ஒரு பள்ளிவாசல். இந்த நான்கும் பொருந்துகிற இன்னொருவர் திருச்சியில் இருப்பாரா? பெயர் எதற்கு?

ஃபிக்ஹு நூல்களில் 'இஸ்திஃதான்' என்று ஒரு பாடம் உண்டு, அனுமதி கேட்டல். பிறர் வீட்டில் அனுமதி பெற்று ஸலாம் சொல்லாமல் நுழையக் கூடாது என்று அந்நூர் அத்தியாயம் 27ஆம் வசனம் கட்டளையிடுகிறது. அடுத்த வசனம், திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிடச் சொல்கிறது. நபி (ஸல்) அவர்களின் அறைக்குள் ஒருவர் துவாரம் வழியே எட்டிப் பார்த்தபோது, அனுமதி கேட்கும் சட்டமே பார்வையின் காரணமாகத்தான் வந்தது என்ற கருத்தில் அவரைக் கண்டித்தார்கள் என ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அறிவிக்கிறார்கள்; புகாரியில் இருக்கிறது. எட்டிப் பார்த்தவர் வீட்டுக்குள் கால் வைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பத்துப் பக்க ஆங்கில நிபந்தனைக்குக் கீழே 'ஏற்கிறேன்' என்ற பொத்தானை வைத்து வாங்குவது எனக்கு அனுமதியாகத் தெரியவில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது?

புட்டசாமி வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமித்து, தனியுரிமை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். இருப்பிடம் பற்றி நேரடியாகவே ஒரு தீர்ப்பு 2024 ஜூலை 8 அன்று வந்தது. போதைப்பொருள் வழக்கில் ஜாமீன் பெற்ற ஒரு நைஜீரியர், தன் இருப்பிடத்தை கூகுள் மேப்பில் குறித்து விசாரணை அதிகாரி பார்க்கும்படி வைக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் நிபந்தனை போட்டிருந்தது. அதை உச்ச நீதிமன்றம் நீக்கியது. ஜாமீனில் வந்தவரின் ஒவ்வொரு அசைவையும் காவல்துறை இடைவிடாமல் கண்காணிக்க வழி செய்யும் நிபந்தனை அவருடைய தனியுரிமைக்கு எதிரானது என்பது தீர்ப்பின் சாரம். குற்றம் சாட்டப்பட்டவருக்கே இந்தப் பாதுகாப்பு உண்டு என்றால் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2023இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில்தான் விதிகள் வந்தன. தெளிவான ஒப்புதல் கேட்பது போன்ற முக்கியக் கடமைகள் நிறுவனங்களுக்கு அதிலிருந்து 18 மாதம் கழித்தே, அதாவது 2027 மே மாதத்தில்தான் பொருந்தத் தொடங்கும். மீறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். 18 வயதுக்குக் குறைந்தவர்களைப் பின்தொடரும் கண்காணிப்புக்கு அதில் தடை உண்டு. பள்ளி வாகனத்தில் போகும் பிள்ளையின் இடத்தைப் பார்ப்பது போன்றவற்றுக்கு விலக்கும் உண்டு. அரசு அமைப்புகளுக்கு அரசே விலக்கு அளித்துக்கொள்ள வழி வைத்திருப்பது இச்சட்டத்தின் பெரிய ஓட்டை.

அதுவரை காத்திருக்காமல் போன் அமைப்பில் நாமே செய்யக்கூடியவை உண்டு. தொழுகைச் செயலியில் ஊரைக் கையால் தேர்ந்தெடுத்து 'திருச்சிராப்பள்ளி' என்று கொடுத்துவிட்டு, லொக்கேஷன் அனுமதியை எடுத்துவிடலாம். ஆண்ட்ராய்டு 12இலும் ஐபோனில் ஐஓஎஸ் 14இலும் தொடங்கி, 'தோராயமான இருப்பிடம்' மட்டும் கொடுக்கும் வசதி இருக்கிறது. மேப், கால் டாக்ஸி போன்றவற்றுக்கு 'பயன்படுத்தும்போது மட்டும்' போதும், 'எப்போதும்' வேண்டாம். போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடமும் பதிந்திருக்கலாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பினால் கூடவே போகும்.

வீட்டுக்குள் நடப்பது

தரகு நிறுவனத்தையும் அரசையும் பேசிவிட்டு, வீட்டை விட்டுவிட முடியாது. இமாம்களிடம் வரும் குடும்ப வழக்குகளில் இப்போது லொக்கேஷனும் ஒரு சாட்சியாக வருகிறது. தனக்குத் தெரியாமல் தன் போனில் கூகுள் மேப் பகிர்வைக் கணவர் போட்டுவைத்திருக்கிறார் என்று மனைவி சொல்வது புதிதல்ல. வாட்ஸ்அப்பின் நேரலை இருப்பிடம் 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று முடிந்துவிடும். கூகுள் மேப்பில் நாம் நிறுத்தும் வரை தொடரும்படியும் வைக்கலாம். இரண்டு நிமிடம் போன் கையில் கிடைத்தால் போதும்.

பயணத்திலிருந்து வருபவர், மனைவி தவறு செய்கிறாளா என்று கண்டுபிடிக்கும் நோக்கில் இரவில் திடீரென வீட்டுக்குள் வருவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிம் நூலில் இருக்கிறது. அது அவரது சொந்த வீடு, சொந்த மனைவி. அப்படியிருந்தும் துருவிப் பார்க்கும் எண்ணத்தோடு வருவதற்குத் தடை. அல்ஹுஜுராத் 12ஆம் வசனம் சந்தேகத்தையும் துப்புத் துலக்குவதையும் ஒரே மூச்சில் தடுக்கிறது. ஏனென்றால் முதலாவது இரண்டாவதைப் பெற்றெடுக்கும். லொக்கேஷன் பார்க்கத் தொடங்கியவர் ஒரு நாளில் நிறுத்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

திருச்சி மாவட்டமும் அடங்கிய சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2024 அக்டோபர் 30 அன்று இதையே சட்டத்தின் மொழியில் சொன்னது. மனைவியின் அழைப்புப் பதிவுகளை அவருக்குத் தெரியாமல் எடுத்துக் கணவர் விவாகரத்து வழக்கில் தாக்கல் செய்திருந்தார். தனியுரிமை கணவன் மனைவிக்கு இடையிலும் உண்டு, அதை மீறிப் பெற்ற ஆதாரம் ஏற்கத்தக்கதல்ல என்றது நீதிமன்றம். பிறகு 2025 ஜூலை 14 அன்று வேறொரு வழக்கில், துணைவரின் பேச்சை ரகசியமாகப் பதிவு செய்ததையும் திருமண வழக்கில் சாட்சியாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதைச் சிலர் உளவு பார்க்கக் கிடைத்த உரிமம் போல எடுத்துக்கொள்கிறார்கள். அது சாட்சியச் சட்டத்தைப் பற்றிய தீர்ப்பு. மனைவியின் போனில் உளவுச் செயலி போட அதில் அனுமதி எதுவும் இல்லை.

பிள்ளைகள் விஷயம் வேறு. சிறு பிள்ளையைக் காப்பது பெற்றோரின் பொறுப்பு, அமானிதம். கல்லூரி முடிந்து இருட்டில் பஸ் ஏறும் மகள், தானே லொக்கேஷனை அத்தாவுக்கு அனுப்புவது நல்ல ஏற்பாடு. ஆபத்தில் இருப்பிடத்தோடு தகவல் அனுப்ப, தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலி 2022 முதல் இருக்கிறது. அதற்குத் துல்லியமான இருப்பிடம் கொடுக்கத்தான் வேண்டும். வளர்ந்த பிள்ளையிடம் சொல்லிவிட்டுச் செய்வதும் ஒளித்துவைத்துச் செய்வதும் ஒன்றல்ல. மகளின் போனில் மட்டும் இதைப் போட்டுவிட்டு மகனின் போனைத் தொடாத வீடுகள், தாங்கள் காப்பது எதை என்று யோசிக்க வேண்டும்.

தன் போன் கண்காணிக்கப்படுகிறது என்று சந்தேகிக்கும் சகோதரிகள், எதையும் அவசரப்பட்டு அழித்துவிட வேண்டாம். அழித்தால் மறுபக்கம் இருப்பவருக்குத் தெரிந்துவிடும், ஆதாரமும் போய்விடும். திரையைப் படம் எடுத்து நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவைத்த பிறகு, வேறொரு போனிலிருந்து பெண்கள் உதவி எண் 181ஐ அழைக்கலாம். ஒரு பெண்ணின் இணைய, மின்னணுத் தொடர்புகளை ஓர் ஆண் கண்காணிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 78ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே 3 ஆண்டு வரை சிறை. புகாரை அருகிலுள்ள அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் கொடுக்கலாம்.